கன்னியப்பன் என்று யாரும் இங்கே இல்லை

வீட்டு வெளி எண்: 41/99
அண்ணனூர்,
9.8.1999, ஆடி 24, திங்கள்

மரியாதைக்குரிய மச்சான் பரந்தாமன் அவர்களுக்கு,

உங்கள் சித்தப்பா மகள் பொன்னம்மாளின் வீட்டுக்காரன் கன்னியப்பன் வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நான், பொன்னம்மாள், எங்கள் மகள் நாகவல்லி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் சௌக்கியமா என்பதை நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். வேலப்பன்சாவடியில் நீங்களும் ஞானம்மாள் அக்காவும் உங்கள் மகன், எனக்கு மருமகன் முறை கோவிந்தராஜும் நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கோபமாக இருக்கிறீர்கள் என்பது தெரியும். கோபத்தோடேயே நன்றாக இருக்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை.

நிற்க. முதலில் ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்துவிடுகிறேன். சென்ற மாதம் 12ஆம் தேதி கோவிந்தராஜ் மூலமாக நீங்கள் எனக்குக் கம்ப்யூட்டரில் போட்ட கடிதத்துக்கு, ‘கன்னியப்பன் என்று யாரும் இங்கே இல்லை’ என்று இங்கிலீஷில் ஒரு பதில் வந்ததும், அதன் அடியில் ‘இப்படிக்கு, கன்னியப்பன், போஸ்ட்மாஸ்டர்’ என்று இருந்ததும் உண்மை. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நான் எழுதவில்லை. நான் போஸ்ட்மாஸ்டரும் இல்லை. நான் இருக்கிறேன். இது எப்படி நடந்தது என்பதைத்தான் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என் காதுக்கு வந்ததே ஆடி பதினாறு ஞாயிற்றுக்கிழமைதான். ஆவடி மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், நம்ம டெம்போ துலுக்கானம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “இன்னா அண்ணாத்தே, உன் மச்சான் உம்மேல செம காண்டுல கீறாரு. போன மாசம் பன்னண்டாந்தேதி அர்ஜெண்டா ஒன்னு கேட்டு கம்ப்யூட்டர்ல லெட்டர் போட்டா, அப்டி ஒரு ஆளே இங்க இல்லன்னு நீயே கையெழுத்து போட்டு அனுப்புனியாமே? இனிமே அவன் தயவு நமக்கு வாணாம், வேற எடத்துல பாத்துக்கறேன்னு சொல்லிகினு கீறாரு” என்றான். என்ன கேட்டார் என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை. மீனை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத் தண்ணி லாரி வரும் நாள், போன ஆடியில் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்டாவில் பொன்னம்மாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, “ஆடி பொறக்கறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி அர்ஜெண்டா எங்க அண்ணன் வேற இன்னாய்யா கேப்பாரு? பொண்ணத்தான் கேட்டுகீறாரு. அதான் மொத ஞாயித்துக்கெழம கூழ் கூட ஊத்தல. மனசு ஒடஞ்சிபூட்டாரு” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நாகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைகிற சத்தம் நின்றுபோனது. மச்சான், நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கோவிந்தராஜுக்கு நாகவல்லியைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ரெண்டு வருஷமாக இருக்கிற ஆசை. நாமாகப் போய்க் கேட்டால் நன்றாக இருக்காது, அண்ணனே வாயைத் திறக்கட்டும் என்று பொன்னம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வாயைத் திறந்த அன்றைக்குப் பார்த்து நான் இல்லாமல் போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே பூந்தமல்லி பஸ் ஏறி, அங்கிருந்து மாறி உங்கள் ஊரில் வந்து இறங்கினேன். நீங்கள் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பாதி டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனீர்கள். டீயைப் பாதியில் வைக்கிற ஆள் இல்லையே நீங்கள். அதைப் பார்த்த பிறகு பின்னால் ஓடிவந்து பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நேரில் பேச முடியாதவன் எழுத்தில் பேசலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதினால் பதிவும் இருக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்ரீ வேம்புலி பிரஸ்ஸிங்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாகத் தபால் செக்ஷன். உள்ளே வருகிற தபாலுக்கு ஒரு நோட்டு, வெளியே போகிற தபாலுக்கு ஒரு நோட்டு, ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, யாரிடம் கொடுத்தேன், அவர் கையெழுத்து. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கடிதம் காணாமல் போனதில்லை, போட்ட எண்ணை ஒருமுறை கூட அடித்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும் எழுதுகிறேன்.

ரெண்டு வருஷம் முன்னால் கம்பெனியில் கடிதம் அனுப்ப ஒரு மெஷின் வாங்கினார்கள். சர்வர் என்று பெயர். வெளியிலிருந்து வருகிற கடிதம் டெலிபோன் ஒயர் வழியாக அந்த மெஷினுக்கு வரும், அது யார் பெயருக்கோ அவருடைய பெட்டியில் போடும். பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை, மெஷினுக்குள்ளேயே ஒரு இடம். இதைப் பார்த்துக்கொள்ள வரதன் என்று ஒரு பையனை வேலைக்கு வைத்தார்கள், பட்டாபிராம்காரர், நல்ல பிள்ளை, கம்ப்யூட்டர் படித்தவர், சாப்பிடும்போது கூட ஒயரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். இந்த வருஷம், 2000 பிறந்தால் பழைய மெஷினுக்குத் தேதி குழம்பிவிடும் என்று பயந்து, புது வெர்ஷன் போட்ட இன்னொரு மெஷினை ஆனி மாசம் வாங்கினார்கள். பூசணிக்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பித்தோம். பழைய மெஷினில் இருக்கிறவர்களை ஒவ்வொருத்தராகப் புது மெஷினுக்கு மாற்றிவிட்டு, பழையதை நிறுத்திவிடுவது என்று திட்டம். பதினைந்து நாள் வேலை என்றார் வரதன்.

பாதிப் பேரை மாற்றியிருந்தபோது அக்கவுண்ட்ஸ் அய்யாசாமி எழுந்து வந்தார். எங்கள் கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தபடி எல்லோரும் பயப்படுகிற ஆள் அவர்தான். “தம்பி, ஆடி பொறக்கப்போவுது. ஆடில எவனாவது ஊடு மாறுவானா? பொட்டின்னா இன்னா, ஊடுதான? எங்க செக்ஷன் ஆளுங்கோ ஆவணி ஒன்னாந்தேதி குடி போறோம். அதுவரிக்கும் கைய வெக்காத” என்று சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து ஸ்டோர்ஸ் சொன்னது, ஸ்டோர்ஸைப் பார்த்து டூல் ரூம் சொன்னது. வரதன் முதலாளியிடம் போனார். முதலாளி சிரித்துக்கொண்டே, நம்ம வீட்டிலும் ஆடியில் ஒரு நாற்காலியைக் கூட இடம் மாற்ற விடமாட்டார்கள், ஒரு மாசம்தானே, இரண்டு மெஷினும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக பாதிக் கம்பெனி புது வீட்டில், பாதிக் கம்பெனி பழைய வீட்டில். ஒரு மாசத்துக்கு ரெண்டு மெஷினும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டு, தன்னிடம் இல்லாத ஆளின் கடிதத்தை அடுத்ததிடம் தள்ளிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு வரதனுக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது, யார் யார் எந்த மெஷினில் என்று. “அண்ணே, கம்பெனில அத்தினி பேரையும் தெரிஞ்ச ஆளு நீங்கதான், நீங்களே எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பத்தி, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது, இனிஷியலோடு நூற்று நாற்பத்தெட்டுப் பெயர், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வரதன் அதை அப்படியே மெஷினில் ஏற்றிவிட்டார். அப்போது மெஷின், போய்ச்சேராத கடிதங்களுக்குப் பொறுப்பாக போஸ்ட்மாஸ்டர் என்று ஒருவர் பெயர் கேட்டதாம். தபால் என்றால் நான்தானே என்று, என்னிடம் கேட்காமலே என் பெயரைப் போட்டுவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டிருந்தாலும் சந்தோஷமாகச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதற்கு முன்னால், சித்திரையில் பூந்தமல்லியில் நடந்த அந்தக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தராஜிடம் எனக்கும் கம்ப்யூட்டரில் விலாசம் இருக்கிறது என்று சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவர் காலேஜில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறவர், நான் தபால் நோட்டு எழுதுகிறவன், அவர் எதிரில் நாமும் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. மாமனாராகப் போகிறவனுக்கு அது கூட இல்லாவிட்டால் எப்படி. வேலப்பன்சாவடியிலிருந்து அண்ணனூருக்கு இரண்டு பஸ், முக்கால் மணி நேரம். அதை விட்டுவிட்டு நீங்கள் கம்ப்யூட்டரில் போட்டதற்கு அந்தச் சீட்டுதான் காரணம் என்றால், முதல் தப்பு என்னுடையது என்று இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக வரதனிடம் போய், எனக்கு ஒரு கடிதம் வந்து காணவில்லை, பெண் விஷயம் என்று சொன்னேன். அவர் அன்றைக்கே ஆரம்பித்தார். தன் பெட்டியிலிருந்து அய்யாசாமிக்கு ஒரு வெள்ளோட்டக் கடிதம் போட்டார், அதாவது புதுசிலிருந்து பழசுக்கு. போய்ச் சேர்ந்தது. அய்யாசாமியை வரதனுக்குப் போடச் சொன்னார். அதுவும் வந்தது, ‘ஆவணிக்கு முன்னால் தொந்தரவு வேண்டாம்’ என்று எழுதி. எனக்குப் போட்டார். வரவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டினார், வரவில்லை. இரண்டு மெஷினையும் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார், வரவில்லை. டெலிபோன் லைனில் கோளாறு என்றார், கம்பெனிக்குள்ளேயே போகிற கடிதத்துக்கு டெலிபோன் எதற்கு என்று நான் கேட்டதும் அதுவும் சரிதான் என்றார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் இப்படியே போயின. இதற்கு நடுவில் வீட்டில் பொன்னம்மாள் தினமும் என் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுக்கும்போது, “கெடச்சிதா?” என்பாள். சாயங்காலம் பையை வாங்கும்போதும் அதையேதான் கேட்பாள். நாகவல்லி ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் நான் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் எங்கே இருந்தாலும் வாசல் பக்கம் வந்து நிற்பாள்.

வியாழக்கிழமை ஒரு விஷயம் தெரிந்தது. மெஷினில், அனுப்ப வேண்டிய கடிதங்கள் வரிசையில் நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. வரதன் எனக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டு இரண்டு மெஷினிலும் அந்த வரிசையைத் திறந்து வைத்தார். புதுசில் ஒன்று, பழசில் பூஜ்யம். கொஞ்ச நேரத்தில் புதுசில் பூஜ்யம், பழசில் ஒன்று. அப்புறம் மறுபடி புதுசில் ஒன்று. வரதன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மச்சான், நம் பக்கம் விலாசம் குழம்பிய கடிதங்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போய்ப் போய் வருமே, கவர் முழுக்க முத்திரையாக, அதே கதைதான். நான், “தம்பி, கவர் மேல எத்தினி சீல் கீதுன்னு எண்ணிப் பாரு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எதையோ தட்டினார், கடிதத்தின் தலைமாட்டில் வரிவரியாக வந்தது. ஒவ்வொரு மெஷினும் கடிதத்தைக் கை மாற்றும்போது தன் பெயரையும் நேரத்தையும் ஒரு வரி எழுதுகிறதாம். பழசு, புதுசு, பழசு, புதுசு என்று இறங்கிக்கொண்டே போனது. இத்தனை முத்திரைக்கு மேல் ஆனால் இனி இது போய்ச் சேராது என்று முடிவு செய்து, ஆள் இல்லை என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடுமாம், போஸ்ட்மாஸ்டர் பெயரில். அதாவது என் பெயரில். உங்களுக்கு வந்தது அதுதான். மெஷினுக்கும் நம்மைப் போல் ஒரு தபால் நோட்டு இருக்கிறது என்று தெரிந்ததில், அந்தக் கவலையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் ஏன் என் கடிதம் மட்டும்? நூற்று நாற்பத்தெட்டுப் பேருக்கும் போகிறது, எனக்கு மட்டும் ஏன் பந்து விளையாட வேண்டும்? வெள்ளிக்கிழமை முழுக்க வரதன் புது மெஷினைத் திட்டினார், நான் பழைய மெஷினைத் திட்டினேன், அய்யாசாமி வந்து ஆடியில் மெஷின் வாங்கிய எங்கள் எல்லோரையும் திட்டினார். வாங்கியது ஆனியில் என்று நான் சொன்னேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் வரதன் என் பட்டியலை எடுத்து மேஜை மேல் விரித்து, “அண்ணே, உங்க பேரு இதுல எங்க கீது, காட்டுங்க” என்றார். பழைய பத்தியில் தேடினேன். புது பத்தியில் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மேலிருந்து கீழ் விரல் வைத்துத் தேடினேன். இல்லை. நான் என் பெயரை எழுதவே இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மச்சான். மறதி என்று சொல்ல முடியாது. பட்டியல் எழுதும்போது நான் யோசித்தது, இந்தக் கம்பெனியில் யார் யாருக்குக் கடிதம் வரும் என்று. முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கம்பெனி விலாசத்துக்கு எனக்கென்று ஒரு கடிதம் வந்ததில்லை. வாட்ச்மேனுக்குக் கூட ஊரிலிருந்து கார்டு வரும், எண் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேன்டீன் முத்தம்மாளுக்கு மகன் எழுதுவான். எனக்கு வராது. அதனால் கை தானாகவே என் பெயரைத் தாண்டிப் போய்விட்டது. பழைய மெஷின், கன்னியப்பன் என்னிடம் இல்லை, புதுசிடம் இருப்பான் என்று தள்ளியது. புதுசு, என்னிடம் இல்லை, பழசிடம் இருப்பான் என்று திருப்பித் தள்ளியது. இரண்டும் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வரதன் என்னைச் சமாதானப்படுத்த, இது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான் அண்ணே என்றார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போய் லேத் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். முதன்முதலாக எனக்கு வந்த கடிதம் அது. அதைத் திருப்பி அனுப்பியவனும் நானே.

திரும்பி வந்து கேட்டேன், போஸ்டாபீஸில் யாருக்கும் சேராத கடிதங்களைப் போட்டு வைக்க ஒரு இடம் இருக்குமே, உன் மெஷினில் இல்லையா என்று. இருந்தது. திருப்பிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலை ஒரு மூலையில் போட்டு வைக்குமாம். தேடினால் ஜூலை 12, கோவிந்தராஜ் பெயர். திறந்தார். மேலே இங்கிலீஷில் ‘அர்ஜென்ட், பிஃபோர் ஆடி, ப்ளீஸ் ரிப்ளை’ என்று தலைப்பு மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளே தமிழில் அடித்திருக்கிறார், அந்தத் தமிழ் ஃபான்ட் எங்கள் மெஷினில் இல்லாததால் ஆச்சரியக்குறியும் கோணல் கோடுமாக எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. இலக்கங்கள் மட்டும் சரியாக வந்திருந்தன. ஒரு 30. ஒரு 18. வேறு ஒன்றும் படிக்க முடியவில்லை. கோவிந்தராஜிடம் அந்த ஃபான்டைக் கேட்டு வாங்குகிறேன், திங்கட்கிழமை ஆகும் என்றார் வரதன். அப்படியே அந்த எறும்புக் காகிதத்தை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பொன்னம்மாள் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். பிறகு நாட்காட்டியைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். “பதினெட்டுன்னா ஆடிப் பதினெட்டுய்யா. ஆடில அது ஒன்னுதான் நல்ல நாளு. அன்னிக்கு முப்பது பேரு பூ வெக்க வரோம்னு போட்டுகீறாரு. நாம இன்னடான்னா பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு சாயங்காலம் எலுமிச்ச சோறு கட்டிகினு கால்வாய் ஓரம் போயி குந்திகினு இருந்தோம்” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே முப்பது பேரை எங்கே உட்கார வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். முன்னறையில் பன்னிரண்டு, உள்ளே எட்டு, பக்கத்து வீட்டு ராணி வாசலில் பத்து. ஒரு பெண்ணுக்குப் பூ வைக்க முப்பது பேர் அதிகம் என்று நான் சொன்னேன். எங்கள் அண்ணன் எதைச் செய்தாலும் ஆள் சேர்த்துத்தான் செய்வார் என்று அந்த அழுகையிலும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே மச்சான், இக்கடிதத்தின் மூலம் தெரிவித்துக்கொள்வது. தங்கள் 12.7.99 தேதியிட்ட கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்ததாகவே கொள்ளவும். கோவிந்தராஜுக்கு நாகவல்லியைக் கொடுப்பதில் எனக்கும் பொன்னம்மாளுக்கும் முழுச் சம்மதம். நாகவல்லியைக் கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், “உங்க இஷ்டம்ப்பா” என்றாள். அவள் இஷ்டம் இல்லாத விஷயத்துக்கு அவள் அப்படிச் சொல்கிற பெண் இல்லை, கொத்தமல்லி வாங்குவதற்குக் கூட என்னோடு வாதாடுகிறவள். ஆவணியில் நீங்கள் குறிக்கிற நல்ல நாளில் முப்பது பேர் என்ன, நாற்பது பேராக வாருங்கள், ராணி வாசலோடு எதிர் வீட்டு வாசலையும் கேட்டு வைத்திருக்கிறோம். வேறு இடத்தில் பார்க்கப்போவதாகத் துலுக்கானத்திடம் சொன்னதை மட்டும் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வயசில் பெரியவர் நீங்கள், எனக்கு இந்த ஊரில் மாமன் மச்சான் என்று சொல்லிக்கொள்ள உங்களை விட்டால் ஆள் கிடையாது. நீங்கள் அன்றைக்கு டீயை வைத்துவிட்டுப் போனது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஞானம்மாள் அக்காவுக்கு என் நமஸ்காரத்தையும் பொன்னம்மாளின் விசாரிப்பையும் சொல்லவும். மருமகன் கோவிந்தராஜுக்கு எங்கள் ஆசிகள். கம்ப்யூட்டரில் வல்லவராக விளங்கட்டும், அதே சமயம் கொஞ்சம் பஸ்ஸிலும் வந்து போகட்டும். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க அம்மன் துணை.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கிற,
கன்னியப்பன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை மடித்து, வீட்டிலும் நான் வைத்திருக்கிற வெளித் தபால் நோட்டில் 41 என்று எண்ணும் போட்டு முடித்த பிறகு, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வரதன் வீட்டுக்கே வந்தார். கோவிந்தராஜிடமிருந்து ஃபான்ட் வந்துவிட்டதாம், உங்கள் கடிதத்தைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அவரே படித்தார். நீங்கள் எழுதியதுதான், இருந்தாலும் பதிவுக்காக இங்கே எடுத்து எழுதுகிறேன்: ‘கன்னியப்பனுக்கு, சுகம். கம்ப்யூட்டரில் போட்டால் நிமிஷத்தில் சேரும் என்று பையன் சொல்கிறான், அதனால் நேரில் வரவில்லை. போன ஆடியில் எங்கள் வீட்டிலிருந்து வாங்கிப்போன 30 படி அண்டாவை வருகிற 18ஆம் தேதி ஞாயிறு கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அனுப்பி வைக்கவும். அண்டா இல்லாமல் கூழ் ஊற்ற முடியாது. ஈயம் பூச வேண்டுமா என்று தங்கச்சியைப் பார்க்கச் சொல்லவும். உடனே பதில் போடவும்.’ அவ்வளவுதான். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வரதன் காபியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பொன்னம்மாள் எழுந்து போய், அண்டாவில் இருந்த லாரித் தண்ணீரை ஒவ்வொரு குடமாக மொண்டு பக்கெட்டில் ஊற்ற ஆரம்பித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, மச்சான். யாரும் கேட்காமல் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று நாலு பக்கம் எழுதியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு, அண்டா தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று இரண்டு வரி எழுதலாம் என்று எடுத்தேன். நாகவல்லி என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்தாள். முப்பது பேரை உட்கார வைத்த இடத்தில் சிரித்தாள். பிறகு மடித்த மடிப்பிலேயே திருப்பி மடித்துக் கொடுத்து, “நம்பர் போட்டுட்டியேப்பா. நம்பர் போட்டத நீ அடிச்சதே இல்லியே. அனுப்பு” என்றாள்.

அதனால் அனுப்புகிறேன். நாளைக் காலை துலுக்கானத்தின் டெம்போவில் அண்டா வரும், கடிதம் அண்டாவுக்குள் இருக்கும். ஈயம் நன்றாக இருக்கிறது. வரும் 15ஆம் தேதி ஆடியின் கடைசி ஞாயிறு, தாராளமாகக் கூழ் ஊற்றலாம். நீங்கள் கேட்காத கேள்விக்கு நான் மேலே பதில் எழுதிவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கும் மனசு இருந்தால், கூழ் முடிந்ததும் அண்டாவைத் திருப்பி அனுப்புங்கள், ஆவணியில் சாம்பாருக்கு இங்கே வேண்டியிருக்கும். மனசு இல்லையென்றால் உங்கள் அண்டா உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நினைப்பேன், வெளியில் சொல்ல மாட்டேன். எதுவானாலும் பதில் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

அண்டாவைத் தேய்த்தது நாகவல்லி. இரண்டு தரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, மறுபடி நிமிர்த்தி மூன்றாவது தரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு பாத்திரத்தையும் அவள் இப்படித் தேய்த்ததில்லை என்பதை மட்டும் அண்ணனுக்கு எழுதச் சொல்லி பொன்னம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன்.